நளினியின் வரிகள்

நளினி எழுதிய நிரலில் தவறு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் துமகூருவில் ஆய்வு மாணவியாக இருந்த மமதா. என் மனைவி நளினி ஆடி மாதம் இறந்தாள். மமதாவின் புகார் வந்தது பங்குனியில். தான் யாருடைய வரிகளைப் பற்றி எழுதுகிறோம் என்பதோ, அவர் இப்போது இல்லை என்பதோ மமதாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. புகார்ப் பலகையில் எல்லாரும் எழுதுவதுபோலத்தான் எழுதியிருந்தார்.

நானும் நளினியும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளம், மொத்தமே ஒரு கூடம்தான். நெட்வொர்க் சிமுலேட்டர் என்ற மென்பொருளை நாங்கள் பராமரித்துவந்தோம். ஒரு கம்பிகூட இழுக்காமல், ஒரு கோபுரம்கூட நடாமல், கணினிக்குள்ளேயே ஒரு வலையமைப்பைக் கட்டி ஓடவிட்டுப் பார்க்கலாம். எந்த இடத்தில் நெரிசல், எந்த இணைப்பு தாங்காது என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். கல்லூரிகள் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளும். சில கம்பெனிகள் பணம் கொடுக்கும். அந்தப் பணத்தில் எங்கள் சம்பளம்.

ஓடவிட்டால் மட்டும் போதாது. உள்ளே என்ன நடந்தது என்று தெரியவேண்டும். அதற்கு ஒவ்வொரு கருவியின் வாசலிலும் ஒருவரை உட்காரவைத்து, வருவதையும் போவதையும் கோப்பில் எழுதச் சொல்லவேண்டும். அதுதான் டிரேஸ். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வைப்பது சலிப்பான வேலை என்பதால், அதைச் செய்துகொடுக்க ஹெல்பர் என்று சிறு நிரல்கள் உண்டு. கம்பி இணைப்புக்கு ஒரு ஹெல்பர், வைஃபைக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று. கம்பி ஹெல்பர் நளினியுடையது.

மமதாவின் சிமுலேஷனில் கேழ்வரகு வயல்கள். வயல் முழுக்க மண் ஈரம் பார்க்கும் சிறு கருவிகள் ரேடியோவில் பேசும், ஓரத்தில் சில கோபுரங்கள் கம்பியில் பேசும். அவருக்கு வேண்டியது கோபுரங்களின் கம்பி டிரேஸ் மட்டும். அதைத்தான் கேட்டார். நளினியின் ஹெல்பர் கோபுரங்களிடம் போனது, வயலில் கிடந்த ஒவ்வொரு கருவியிடமும் போனது. கேட்காதவற்றின் வாசலிலும் ஆளை உட்காரவைத்தது. கோப்புகள் குவிந்து, கல்லூரிக் கணினியின் சேமிப்பு வட்டு நிரம்பி, ஓட்டம் பாதியில் நின்றுபோனது. இரண்டாம் முறையும் அப்படியே. புகாரின் கடைசி வரியில் மரியாதையாகக் கேட்டிருந்தார்: கம்பி ஹெல்பர் கம்பியை மட்டும் பார்க்க ஏதாவது வழி உண்டா?

மறுநாள் காலை ரயிலில் மஞ்சுநாத் அதைப் பற்றிப் பேசினான். நான் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் ஏறுவேன், அவன் பங்காருபேட்டையில். அவனுக்கு இடம் பிடித்துவைப்பது என் வேலை. அலுவலகத்தில் அவன் எனக்கு மேலே, ரயிலில் எனக்குக் கடன்பட்டவன். என் பெயர் மனோ, ஆனால் அவனுக்கு எல்லாரும் குருதான்.

"அந்த துமகூர் பொண்ணு எழுதினது பாத்தியா குரு?"

"பாத்தேன்."

"வைஃபை டீம்ல சரத் புதுசா ஒரு ஹெல்பர் எழுதி வெச்சிருக்கான். கம்பியும் அதுலயே வரும். அடுத்த ரிலீஸ்ல பழச தூக்கிடலாம்னு பாக்கறேன்." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "நீ வேற ஒண்ணும் நினைக்கக்கூடாது."

"தூக்க வேணாம். நான் சரி பண்றேன்."

"பேட குரு, வேணாம். உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

"ரிலீஸுக்கு முன்னாடி முடிச்சிடறேன்."

அவன் பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டான். பிறகு, "ஆயித்து, சரி. பண்ணு. ரிலீஸுக்குள்ள முடியலன்னா சரத்தோடதுதான். அப்பறம் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கக்கூடாது" என்றான்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஹெல்பர் மட்டுமல்ல. எங்கள் வேலையில் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாக மாற்றியவர் பெயரைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. யார் எழுதியது, யாரைக் கேட்கவேண்டும் என்று தெரிவதற்காக. நளினியின் கோப்பைத் திறந்து அதை அழுத்தினால் இடது பக்கம் முழுக்க நளினி, நளினி, நளினி என்று இறங்கிக்கொண்டே போகும். அவள் போன பிறகு நான் அதை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் என் மாமியார் பார்வதம்மா பார்த்துவிட்டார். எங்கள் திருமணத்துக்கு முன்பே அவள் தகப்பனார் காத்தவராயன் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். கடைசிவரை சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மாமியார் எங்களோடுதான் ஆண்டர்சன்பேட்டையில் இருந்தார். நளினி போன பிறகும் இருந்தார். போகவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் மகள் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடையாளம் கண்டுகொள்வார். அவளுடைய அடையாள அட்டையில், கல்யாணப் பத்திரிகையில் பார்த்துப் பழகியது.

"இது இன்னா மாப்ள, அவ பேரே வரிசையா கீது?"

சொன்னேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முகத்தைத் திரையருகே கொண்டுபோனார்.

"இன்னும் கீழ தள்ளுங்க."

தள்ளினேன்.

"இன்னும்."

கோப்பு முடியும்வரை தள்ளினேன். "பரவால்ல. வூட்ல ஒரு வேல செய்யமாட்டா. அங்க இவ்ளோ செஞ்சிகீறா" என்றார். அதன் பிறகு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில், அரிசி களைந்துவிட்டு ஈரக் கையோடு வந்து, "காட்டுங்க" என்பார். நான் திறந்து காட்டுவேன்.

ஆக, ஹெல்பரை எடுத்துவிட்டால் அந்தக் கோப்பே போய்விடும். சரிசெய்தால், நான் தொடுகிற வரிகளில் அவள் பெயர் போய் என் பெயர் வரும். நான் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இப்போது யோசித்தால் அது ஒரு புரோகிராமர் செய்கிற காரியமே அல்ல. அவள் வரி ஒன்றையும் தொடாமல் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

ஹெல்பருக்கு வெளியே ஒரு சல்லடை கட்டினேன். கேட்டவர் முதலில் என் சல்லடைக்கு வருவார். அது கம்பிக் கருவிகளை மட்டும் பொறுக்கி எடுத்து நளினியின் நிரலிடம் கொடுக்கும். நளினியின் நிரல் வழக்கம்போலத் தன்னிடம் வந்த எல்லாவற்றிலும் ஆள் வைக்கும். ஆனால் வருவதே கம்பிதான். அவள் ஒரு வாரத்தில் எழுதியதைச் சுற்றிவர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவளுடையதைவிட என்னுடையது நீளம். சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை காட்டின. கோப்பைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை நளினிதான்.

மமதாவுக்கு அனுப்பினேன், முயன்று பாருங்கள் என்று. இரண்டு நாளில் பதில் வந்தது. வட்டு மறுபடியும் நிரம்பிவிட்டது.

மஞ்சுநாத் என் நிரலை ரயிலிலேயே படித்தான். பங்காருபேட்டையில் ஏறியவன் மாலூர் தாண்டித்தான் தலைநிமிர்ந்தான்.

"இன்னா குரு இது? முன்வாசல்ல வாட்ச்மேன் நிக்கறான், யூனிஃபார்ம்லாம் போட்டு. பின்னாடி காம்பவுண்டே இல்ல."

"எல்லாத்தையும் டிரேஸ் பண்ணுன்னா சல்லடை வழியாத்தானே வரும்?"

"அப்படிக் கேட்டா வரும். கருவியோட நம்பரச் சொல்லிக் கேட்டா? நேரா உள்ள போகும். அந்தப் பொண்ணு அப்படித்தான் கேட்டிருக்கா. உள்ள இருக்கறது பழைய மாதிரியே எல்லாத்தையும் புடிச்சிக்குது." ஃபோனை என் பக்கம் திருப்பினான். "இத பாரு. தப்பு இங்க இருக்குது, இந்த நாலஞ்சு வரில. ஏன் ஊரச் சுத்தி வரே? இங்க கை வெச்சா அரை மணி நேர வேல."

அவன் திரையைப் பார்த்தான். வரிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்தான். பிறகு ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒயிட்ஃபீல்டில் கூட்டம் ஏறி எங்களை நெருக்கியது. இறங்கும்போது, "டைம் இருக்கு. நிதானமா பண்ணு" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் முழுவதும் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் தலையில் நளினி ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். கணினிக்கு அல்ல, படிக்க வருகிற ஆளுக்கு. எல்லாரையும் கேள், ஒருவரையும் விடாதே என்பது அதன் பொருள். இவ்வளவு கவனமானவள் ஏன் இப்படி அகலமாக எழுதினாள் என்று மற்றவர்கள் ஆச்சரியப்படலாம். எனக்குத் தெரியும். நான் அப்போது அந்த வீட்டில் இருந்தேன்.

அவளுக்கு முன்னால் அந்த ஹெல்பரைப் பாபு என்றொருவர் வைத்திருந்தார். பாபு எழுதியது குறுகலானது. கம்பியா என்று பார்க்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஒரு முறை யாரோ ஒரு கம்பெனிக்காரர், தான் பார்க்க நினைத்த இணைப்பை வேறு வகையாக அமைத்துவிட்டு, அதைக் கம்பி ஹெல்பரிடம் கேட்டிருக்கிறார். ஹெல்பர் தாண்டிப் போய்விட்டது. கோப்பு வெறுமையாக இருந்தது. வெறுமையான கோப்பைப் பார்த்து அவர், இந்த இணைப்பில் போக்குவரத்தே இல்லை என்று எழுதி, அதைத் திட்டத்திலிருந்தே வெட்டிவிட்டார். பிறகு அது பெரிய சண்டையாகி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பாபு அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார். சண்டை நளினியின் மேசைக்கு வந்தது.

அன்று மாலை ரயிலில் வரும்போதும் பேசினாள், வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போதும் பேசினாள். அவள் கோபத்தில் சப்பாத்தி ஆந்திரா மேப்புபோல் வந்துகொண்டிருந்தது.

"சும்மா இருந்திச்சின்னு எழுதிட்டான், மனோ! அத யாரும் கேக்கவே இல்ல. கேக்காமலே சும்மா இருந்திச்சாம்!"

"அவன் தப்பா செட் பண்ணான். நம்ம தப்பு இல்லியே."

"நம்ம தப்புதான். தாண்டிப் போறவன் சொல்லிட்டுப் போணுமில்ல?"

மறுநாளே பாபுவின் சோதனையை அடியோடு எடுத்துவிட்டு, ஒரு வாரத்தில் ஹெல்பர் முழுவதையும் புதிதாக எழுதினாள். வகை பார்ப்பதே இல்லை. யார் இருந்தாலும் ஆள் வை. வெறும் கோப்பாக இருந்தால் அது உண்மையிலேயே வெறுமை. அப்போதெல்லாம் எல்லாரும் ஓட்டியது சின்னச் சின்ன வலையமைப்புகள். வயல் முழுக்கக் கருவி வைப்பவர் யாரும் வரவில்லை. அது ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஆகவே நான் வெறுமனே குறுக்கினால் பாபுவிடம் திரும்பிப் போகிறேன். அப்படியே விட்டால் மமதாவின் வட்டு நிரம்புகிறது. செய்யவேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிந்துவிட்டது. கம்பியை மட்டும் பிடிக்கவேண்டும். பெயரோ எண்ணோ சொல்லிக் கேட்ட ஒன்று கம்பியாக இல்லாவிட்டால், "இதை டிரேஸ் செய்யவில்லை, இது கம்பி அல்ல" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். தாண்டிப் போகிறவன் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அவள் சொன்னதுதான். ஆனால் அவள் சொன்னதைச் செய்ய அவள் எழுதியதை அழிக்கவேண்டும். சல்லடைக்குள் அதற்கு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கருவாட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, அதையே மொறச்சிகினு கீறீங்க? அது இன்னா உங்ககிட்ட வம்புக்கு வந்திச்சா?"

"நளினி எழுதினதுல ஒண்ணு மாத்தணும் அத்தை."

"இன்னாத்துக்கு?"

"ஒரு பொண்ணு வேலைய அது கெடுக்குது. துமகூர்ல படிக்கற பொண்ணு."

"துமகூர்காரிக்காக இங்க மாத்தணுமா? அவள வேற எதனா வெச்சி படிச்சிக்கச் சொல்லுங்க."

"மாத்தலன்னா எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. மாத்தினா அந்த வரிங்க மட்டும் போகும்."

கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "அவ பேரு?"

"அந்த வரிங்கள்ல எம்பேரு வந்துடும்."

"வூட்டுப் பத்திரத்துல பேரு மாத்தற மாதிரியா?"

"அதுக்குக்கூட கையெழுத்து வேணும் அத்தை. இதுக்கு அதுவும் வேணாம்."

லேசாக இருக்கட்டும் என்று நினைத்து அப்படிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லாக் கீது. துணிமணிய குடுத்தாச்சி, ஸ்கூட்டிய வித்தாச்சி. இது ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சி. அதுலயும் உங்க பேர எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். ஸ்கூட்டியை விற்கச் சொன்னதே அவர்தான். அதை நான் நினைவுபடுத்தவில்லை.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மூடி வைத்திருக்கும். குழம்பு சூடாக இருக்கும். ஆள் மட்டும் உள்ளறையில் இருப்பார்.

புதன்கிழமை அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். சல்லடையைக் கலைத்தேன். மூன்று வார வேலை, கலைக்க நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அவளுடைய வரிகளுக்குப் போனேன். முதல் வரியை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடி அழித்தேன். அதன் பிறகு கை பழக்கத்தில் ஓடியது. வகையைப் பார். கம்பியானால் ஆள் வை. குறிப்பிட்டுக் கேட்டது கம்பி இல்லையானால் சொல். கேட்டவற்றில் ஒன்றுகூடக் கம்பி இல்லையானால் இன்னும் உரக்கச் சொல். மஞ்சுநாத் சொன்ன அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

அவள் எழுதிய குறிப்பு மட்டும் மிஞ்சியது. எல்லாரையும் கேள், ஒருவரையும் விடாதே. அதை அப்படியே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். குறிப்பு ஓடுவதில்லை, யாருடைய வட்டையும் நிரப்புவதில்லை. ஆனால் கீழே இருக்கும் நிரல் இப்போது அப்படிச் செய்வதில்லை. நாளைக்கு ஒருவர் படித்துவிட்டு, நிரல் குறிப்பின்படி இல்லையே என்று மறுபடியும் அகலமாக்கிவிடக்கூடும். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் வாக்கியத்தை அவள் எந்தக் கோப்பிலும் விட்டுவைத்ததில்லை. அதையும் எடுத்துவிட்டேன்.

மாற்றத்தை அனுப்பும்போது ஒரு விளக்கம் எழுதவேண்டும் என்பது எங்கள் இடத்து விதி. முன்பு இருந்தது ஏன் தவறு, இப்போது என்ன செய்தோம் என்று. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். "முன்பிருந்த நிரல் தவறாக..." என்று எழுதுவேன், அழிப்பேன். இதுவரை எத்தனையோ பேருடைய நிரலைப் பற்றி அந்த வாக்கியத்தை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

வாசலில் மீன்காரர் குரல் கேட்டு மாமியார் வெளியே போய்விட்டு வந்தார். வரும்போது என் பின்னால் நின்றார்.

"முட்சிட்டீங்களா?"

பேசினாரே என்று எனக்கு நிம்மதி. "நிரல் முடிஞ்சிடுச்சி. அவ எழுதினதுல இன்னா தப்புன்னு எழுதணும். அது வரல."

"இன்னாதான் தப்பு? எனக்கும் சொல்லுங்க, நான் தெரிஞ்சிக்கறேன்."

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "ஒருத்தர கேட்டா, அவ எழுதினது எல்லார் வூட்டு வாசலுக்கும் போயி நிக்குது அத்தை. சம்பந்தமே இல்லாதவங்க வூட்டுலயும். யாரும் விட்டுப்போயிடக்கூடாதுன்னு."

அவர் கையிலிருந்த மீன் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். நளினி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு நிற்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இவ ரெண்டாவதோ மூணாவதோ படிக்கறா. காலைல ஒரு ராக் பர்ஸ்ட்டு. கீழ பாறை வெடிச்சா மேல வூடே ஆடும் மாப்ள, நீங்க ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாது. தகரம்லாம் கடகடன்னு ஆடிச்சி. எந்த ஷாஃப்ட்டுக் குழி, எந்த லெவலு, ஒண்ணும் தெரியாது. லைன் வூடுங்கள்ல கீற பொம்பளைங்க அத்தன பேரும் ஷாஃப்ட்டுக்கு ஓடறோம். எவளும் தன் புருசன் ஷிஃப்ட்டுல கீறானா இல்லையான்னு நின்னு யோசிக்கமாட்டா. ஓடணும், அவ்ளோதான். நானும் இவ கைய புட்சிகினு ஓடனேன். கேட்டாண்ட நின்னு ஓன்னு அழுவறேன். லிஃப்ட்டு கேஜு மேல வருது, எறங்கறாங்க, இவரக் காணோம். மறுக்கா வருது, காணோம். நான் கீழ வுழுந்து பொரள்றேன். பின்னாலேந்து யாரோ தோள தொடறாங்க. திரும்பிப் பாத்தா உங்க மாமனாரு! லுங்கியோட நிக்கறாரு!"

"மேல வந்துட்டாரா?"

"கீழ எங்க போனாரு? நைட் ஷிஃப்ட்டு முட்சிட்டு வூட்ல தூங்கிகினு இருந்தாரு! நான்தான் சோறு போட்டு, போத்தி வுட்டுட்டு வந்தவ! எழுந்து பாத்தா வூட்ல யாரும் இல்லன்னு எங்கள தேடிகினு வந்துகீறாரு. 'இன்னாடி, யாருக்குடி அழுவற?'ன்றாரு. சுத்தி நின்னவளுங்க அழுதுகினே சிரிக்கறாளுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதோட வந்திருக்கணுமில்ல? உங்க பொண்டாட்டி வரமாட்டேன்னுட்டா. நைனாதான் வந்துட்டாரே, வாடின்னா, 'எல்லாரும் வந்தாங்களான்னு பாத்துட்டு வரேன்'னு கேட்ட புட்சிகினு நிக்கறா. அவர் தூக்கப் பாத்தாரு, ஒதைக்கறா. சாயங்காலம் வரைக்கும் அங்கயே கெடந்தோம்."

"எல்லாரும் வந்தாங்களா?"

"எங்க? ரெண்டு பேரு வரல."

நளினி இதை என்னிடம் சொன்னதே இல்லை. பாறை வெடித்ததைப் பற்றி, தகப்பனாரின் இருமலைப் பற்றி, எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லவில்லை. அவளுக்கு நினைவிருந்ததோ என்னவோ.

மாமியார் எழுந்தார். "தப்புன்னு எழுதணும்னா எழுதுங்க. ஆனா ஏன் அப்டி செஞ்சான்னும் எழுதுங்க. மொட்டையா தப்புன்னு மட்டும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு மீனை அலசப் போனார்.

நான் எழுதினேன். முன்பிருந்த நிரல், கேட்டது கம்பிக் கருவியா என்று பாராமல் எல்லாக் கருவிகளையும் டிரேஸ் செய்தது. அதனால் பெரிய சிமுலேஷன்களில் வட்டு நிரம்பியது. அது அவ்வாறு எழுதப்பட்டதற்குக் காரணம், அதற்கும் முந்தைய நிரல் கருவிகளைச் சொல்லாமல் தாண்டிப் போனதும், வெறுமையான கோப்பை அமைதி என்று ஒருவர் நம்பியதும். இந்த மாற்றம் டிரேஸைக் கம்பிக்கு மட்டும் குறுக்குகிறது. தாண்டிப் போகும் ஒவ்வொன்றையும் பற்றி எச்சரிக்கிறது. அவ்வளவுதான். பெயர் எதையும் எழுதவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் ரயிலில் மஞ்சுநாத் படித்தான். இந்த முறை மாலூர்வரை ஆகவில்லை.

"இதுதான் ஹெல்பர்" என்றான். பிறகு விளக்கத்தை இரண்டாம் முறை படித்தான். "சரத்தோடதுலயும் இந்த எச்சரிக்கை கிடையாது. அவன்கிட்ட சொல்றேன்." ஏற்றுக்கொண்டதாகக் குறித்துவிட்டு, "பழச தூக்க வேணாம். இருக்கட்டும்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் பக்கத்தில் நின்றவரிடம் சட்னி டப்பா சாய்கிறது என்று சண்டைக்குப் போனான்.

அன்று மாலை வீட்டில் கோப்பைத் திறந்து மாமியாருக்குக் காட்டினேன். அவர் கேட்கவில்லை, நானேதான் கூப்பிட்டேன். கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு குனிந்தார். நளினி, நளினி என்று வந்து, நடுவில் ஓரிடத்தில் என் பெயர் சில வரிகளுக்கு, அப்புறம் மறுபடியும் நளினி. அவர் விரலை அந்த இடத்தில் வைத்தார்.

"இங்கயா?"

"இங்கதான்."

"இத நாளைக்கு வேற யாருனா மாத்துவாங்களா?"

"மாத்துவாங்க அத்தை. தேவைப்பட்டா."

"ம்" என்றார். விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மமதாவின் பதில் அடுத்த வாரம் வந்தது. ஓட்டம் முழுதாக முடிந்துவிட்டது. கூடவே ஓர் எச்சரிக்கை வந்ததாம், ஒரு கோபுரத்தில் கம்பி இணைப்பே இல்லை என்று. போய்ப் பார்த்தால் அவர் அதை ரேடியோவாக அமைத்துவைத்திருக்கிறார். எச்சரிக்கை இல்லையென்றால் அந்தக் கோபுரம் ஒன்றும் பேசவில்லை என்றே ஆய்வில் எழுதியிருப்பேன் என்றார். கடைசியில் ஒரு கேள்வி: ரேடியோ ஹெல்பருக்கும் இதேபோல் ஒன்று வேண்டும், இந்தப் பகுதியை எழுதியவரிடம் பேசமுடியுமா?

நளினியைப் பற்றி எழுதலாமா என்று சற்றுநேரம் யோசித்தேன். அவர் கேட்டது அந்த வரிகளைப் பற்றி. அவற்றை எழுதியது நான்தான், என்னிடமே கேளுங்கள் என்று பதில் எழுதினேன்.